கம்பெனி வாசல் என்று எழுதாமல் விட்டேன்

சனிக்கிழமை இரவு எட்டரை மணி. சம்பளக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு நானும் செக்கிங் பெண்கள் நான்கு பேரும் கேட்டைத் தாண்டி வந்தோம். எதிரே டீக்கடைப் பக்கம், வண்டி மேல் சாய்ந்தபடி என் கணவர் நின்றிருந்தார். என் கைப்பையில் பதினோரு நாளுக்கு முன் வாங்கிய கோர்ட் உத்தரவின் ஜெராக்ஸ் இருந்தது. அது இருக்கும் தைரியத்தில்தான் அன்று ஆட்டோ பிடிக்காமல் நடந்து வந்தேன்.

கையைப் பிடித்து இழுத்தார். கூட வந்த பெண்கள் சத்தம் போட்டதும் விட்டார். 100-க்குப் போன் செய்தேன். ரோந்து வண்டி வந்தது. உத்தரவை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காவலர் செல்போன் வெளிச்சத்தில் முழுவதையும் பொறுமையாகப் படித்தார்.

“எதிர்மனுதாரர் குடும்ப வன்முறை எதுவும் செய்யக் கூடாதுன்னுதான் இருக்குதும்மா. கம்பெனிக்கு வரக் கூடாதுன்னு இதுல எங்கேயும் போடலியே.”

கையைப் பிடித்து இழுத்ததே வன்முறைதான், சம்பளத்தைப் பறிக்க வந்ததும் வன்முறைதான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ராத்திரி எட்டரை மணிக்கு நடுரோட்டில் நின்றுகொண்டு அதை வாதாட முடியாது. அந்த நேரத்தில் காவலருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: ‘இன்ன இடத்துக்கு இவர் வரக் கூடாது.’ அந்த வரி என் உத்தரவில் இல்லை. அவரை அதட்டி அனுப்பிவிட்டுப் போனார்கள்.

அந்த வரி இல்லாமல் போனதற்கு நானே காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வாரச் சம்பளம். கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து சனிக்கிழமை சம்பளம் என் கையில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஏ.டி.எம். கார்டும் அவரிடம், நகைக்கடன் ரசீதும் அவரிடம். பணம் கேட்டால் அடி, பணம் கொடுத்தாலும் குறைகிறது என்று அடி. பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் அவரைக் கூப்பிட்டுப் பேசி, ‘இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் கோர்ட் உத்தரவு மாதிரி நினைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதை மீறினால் என்ன தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் மீறியதற்கென்று தனித் தண்டனை எதுவும் அதற்குக் கிடையாது. ஆனாலும் அலைந்தது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீதுகள் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சீட்டு) பின்னால் கோர்ட்டில் தேதி வாரியாகப் பேசின. புகார் கொடுத்தால் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

‘தடை உத்தரவு’ என்று நாம் பேச்சில் சொல்வது, குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமைக்கென்றால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் வரும் பாதுகாப்பு உத்தரவுதான். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் டி.வி. (டொமஸ்டிக் வயலன்ஸ்) கேஸ் என்பார்கள். அடி மட்டும்தான் இதில் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, விருப்பமில்லாமல் உடலைத் தொடுவது, சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குத் தராமல் பட்டினி போடுவது, வீட்டை விட்டுத் துரத்துவது என எல்லாமே இதில் உண்டு.

“கோர்ட்டுக்குப் போயிட்டா அப்புறம் சேர்ந்து வாழ முடியாது சாமி” என்று அம்மா அழுதார். என்னை ஒரு வருடம் தடுத்து நிறுத்தியது அந்த ஒரு பேச்சுதான். அம்மா பயந்தது போல இது விவாகரத்து இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே கூட இந்த உத்தரவைக் கேட்கலாம். வீடு அவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் சட்டப்படி இல்லாமல் வெளியே தள்ளக் கூடாது என்று கேட்கலாம். கணவரையே சில காலம் வெளியே இருக்கச் சொல்லும் அதிகாரமும் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) உண்டு. மாமனார் வீடு ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ (மருமகளுக்குக் குடியிருக்கும் உரிமை உள்ள வீடு) ஆகாது என்று முன்பு ஒரு தீர்ப்பு இருந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

எடுத்த எடுப்பில் ஆளை ஜெயிலில் போடும் கேஸும் இல்லை இது. முதலில் கோடு போடுகிறது, அதைத் தாண்டினால்தான் குற்றம். இந்த வித்தியாசம் புரிந்த பிறகுதான் என் பயம் தணிந்தது. எனக்கு அவரை உள்ளே தள்ள வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

எப்போது போக வேண்டும் என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கழுத்து. அவர் முதல் தடவை என் கழுத்தைப் பிடித்து நெரித்தது ஒரு புதன்கிழமை. காயம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, தொண்டை மட்டும் இரண்டு நாள் கரகரத்தது. கன்னத்தில் வீங்கிய அறையை விட அதைச் சின்னதாக எடுத்துக்கொண்டேன். பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா, “இதுக்கு முன்னாடி கழுத்தைப் பிடிச்சிருக்காராம்மா?” என்று கேட்டபோது அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் உறைத்தது. கழுத்தில் கை வைக்கிறவன் ஒரு நாள் உயிரை எடுத்துவிடக்கூடியவன். அதற்கு மேல் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ‘ஆசிட்’, ‘பெட்ரோல்’ என்ற வார்த்தை வாயில் வந்தாலும், வேலை செய்யும் இடத்துக்கு வரத் தொடங்கினாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னாலும் அதே கதைதான். எலும்பு முறிய வேண்டும் என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. வன்முறை நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நடுவருக்கு முதல் பார்வையில் பட்டாலே போதும்.

காயம் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கும் ஏ.ஆர். பதிவைப் போடச் சொன்னதும் அந்த டாக்டரம்மாதான். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருந்தால் அப்படியேதான் பதிவாகியிருக்கும். முதல் இரண்டு தடவை நான் அப்படித்தான் சொன்னேன். அந்த இரண்டு சீட்டாலும் எனக்கு ஒரு பயனும் இல்லாமல் போனது.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூக நல அலுவலகம் இருக்கிறது. அங்கே இந்தச் சட்டத்துக்கென்றே பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது அங்கே போகச் சொன்னார்கள். ஒரு மேடம் எதிரில் உட்கார வைத்து, முதல் சம்பவம் என்ன, கடைசிச் சம்பவம் என்ன, யார் பார்த்தார்கள், நகை எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓர் அறிக்கை எழுதினார். அதற்கு டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை) என்று பெயர். ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் தேதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. “பொங்கலுக்கு முன்னாடிங்க மேடம், பையனுக்குக் காய்ச்சல் வந்த வாரம்” என்று ஞாபகத்திலிருந்து தோண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் எழுதி வைக்கப் பயமாக இருந்தால் கம்பெனி லாக்கரிலோ, நம்பிக்கையான ஒருத்தியின் போனுக்கு ஒரு வரி மெசேஜாகவோ தேதியைப் போட்டு வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்கினேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனக்கு வந்தவர் என்னை விட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

தவறு நடந்தது அங்கேதான். மனுப் படிவத்தில் என்னென்ன தடை வேண்டும் என்று வரிசையாக இருக்கும், தேவையானதைக் குறிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்ற வரிக்கு வந்ததும் வக்கீலம்மா கம்பெனி பெயரும் முகவரியும் கேட்டார். நான், “கம்பெனியெல்லாம் வேண்டாங்க” என்றேன். அவர் இரண்டு தடவை கேட்டார், நான் இரண்டு தடவையும் மறுத்தேன். கம்பெனி பெயர் கோர்ட் காகிதத்தில் வந்தால் சூப்பர்வைசர் அண்ணனுக்குத் தெரியும், லைன் முழுக்கத் தெரியும், வேலை போய்விடும் என்ற பயம். அதை விட, வெட்கம். வீட்டில் அடி வாங்குகிறவள் என்று அவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற வெட்கம். (அவர்கள் எல்லோருக்கும் மூன்று வருடமாகத் தெரியும் என்பது அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.) போனில் தொடர்புகொள்ளக் கூடாது என்ற வரியையும், பையனுக்காகப் பேச வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

மனு போட்டால் மூன்று நாளில் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இறுதி உத்தரவு வர ஒன்றே முக்கால் வருடம் ஆனது, வாய்தா மேல் வாய்தா. அதனால்தான் 23-ஆம் பிரிவு முக்கியம். பிரமாணப் பத்திரம் ஒன்றை வைத்து, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்கலாம். முதல் நாளே கேளுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் அந்த அப்புறம் மாதக் கணக்கில் போகும். தாய் வீட்டுக்கோ வேறு ஊருக்கோ வந்துவிட்டிருந்தால், இப்போது தங்கியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனு போடலாம். பழைய ஊருக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டியதில்லை.

கேட் சம்பவத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அதே வக்கீலம்மா முன் உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எங்கெங்க போறீங்கன்னு எழுதுங்க” என்றார். அம்மா வீடு, வாடகை வீடு, பஸ் ஸ்டாப், கம்பெனி கேட், பையன் பள்ளிக்கூடம், டியூஷன் டீச்சர் வீடு. அடுத்த தாளில், அவர் எந்தெந்த வழியில் என்னை எட்டுகிறார் என்று எழுதச் சொன்னார். என் போன், தம்பி போன், அவருடைய தங்கை மூலம், வாட்ஸ்அப், பையனிடம் சொல்லி அனுப்புவது. சூழ்நிலை மாறினால் உத்தரவைத் திருத்தக் கேட்கலாம். திருத்திய உத்தரவில் கம்பெனி பெயர், பள்ளியின் பெயர், இரண்டு முகவரிகள், ‘நேரிலோ போனிலோ மின்னணு வழியிலோ பிறர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது’ என்ற வரி, எனக்கு உதவி செய்கிறவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வரி எல்லாம் வந்தன. பையனைப் பார்க்க மட்டும் விலக்கு: மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, என் பெரியப்பா வீட்டில். இடமும் நேரமும் போடாமல் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் விட்டிருந்தால் அந்தச் சந்து வழியாகவே எல்லாம் உள்ளே வந்திருக்கும்.

முதல் நோட்டீஸ் போன சமயத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. எந்த நாள் அவர் கைக்குப் போகும் என்று பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அந்த வாரம் முழுக்கப் பையனோடு சித்தி வீட்டில் இருந்தேன். விட்டுவிட்டுப் போகிறாள் என்று தெரிகிற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். அவர் நோட்டீஸை வாங்காமல் நழுவினார், கதவில் ஒட்டினார்கள். அன்று இரவு என் தம்பிக்கு முப்பத்திரண்டு தடவை போன். அவசரத்துக்கென்று ஒரு பை தயாராக வைத்திருந்தேன். ரேஷன் கார்டு, ஆதார், பையன் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, சி.எஸ்.ஆர். ரசீதுகள், கொஞ்சம் பணம், வீட்டுச் சாவியின் இன்னொரு பிரதி. தங்க இடமே இல்லாதவர்களுக்குக் காப்பகத்தில் இடம் ஏற்பாடு செய்து தருவதும் பாதுகாப்பு அலுவலரின் வேலைதான்.

உத்தரவின் நகலை மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தர வேண்டும். நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நானே போய்க் கேட்டேன். வந்திருக்கவில்லை. என்னிடம் இருந்த நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் வீடு ஒரு நிலைய எல்லை, கம்பெனி இன்னொரு நிலைய எல்லை, இரண்டு இடத்திலும் கொடுத்தேன். வாட்ச்மேன் தாத்தாவிடம் ஒன்று, பள்ளித் தலைமை ஆசிரியையிடம் ஒன்று. வெட்கப்பட்டு மறைத்த அதே கம்பெனியில், ஹெச்.ஆர். அறைக்குள் போய் நானே சொன்னேன். வேலை போகவில்லை. ஓவர்டைம் இருக்கும் நாளில் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

நான்கு மாதம் அமைதி. அதன் பிறகு ஒரு ராத்திரி பையனுக்குக் காய்ச்சல் 103 டிகிரி. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அவருக்குப் போன் செய்துவிட்டேன். அவர் வந்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், நல்லபடியாகப் பேசினார். மறுவாரத்திலிருந்து மெசேஜ் தொடங்கியது. முதலில் சாப்பிட்டாயா, பிறகு கேஸை வாபஸ் வாங்கு, பிறகு மிரட்டல். உத்தரவு கட்டிப்போடுவது அவரைத்தான், என்னை இல்லை. நான் கூப்பிட்டதால் உத்தரவு செத்துவிடாது. ஆனாலும் விசாரணையில் அவர் வக்கீல் அந்த ஒரு அழைப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். அதனால் அவசரம் என்றால் கூப்பிடுவதற்கு இரண்டு பேர் எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் அவர் எண் வேண்டாம்.

மிரட்டல் மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை. பாதுகாப்பு உத்தரவை, இடைக்கால உத்தரவாகவே இருந்தாலும், மீறுவது 31-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் என்பது கோர்ட் பார்த்துத் தர வேண்டியது. வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தை மட்டும் வைத்தே கோர்ட் முடிவுக்கு வரலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்தத் தடவை நிலையத்தில் உத்தரவை விரித்து, ‘மின்னணு வழியிலோ’ என்ற வரியின் மேல் விரல் வைத்தேன். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆறு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் கேட் பக்கம் வரவில்லை.

தம்பி அந்தச் சமயத்தில் என் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கித் தருகிறேன் என்றான். வக்கீலம்மா தடுத்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தாலும் அதோடு ஒரு சான்று வைக்க வேண்டும், மெசேஜ் வந்த போனும் கையில் இருக்க வேண்டும். அந்த உடைந்த போன் இன்னும் பீரோவில் இருக்கிறது.

இறுதி உத்தரவு வந்த பிறகு, ஒரு வருடத்தில் காலாவதி ஆகிவிடும் என்று யாரோ சொல்லிக் கலங்கியிருக்கிறேன். அப்படி இல்லை. பாதுகாப்பு உத்தரவு, நானாகப் போய் இனி வேண்டாம் என்று கேட்டாலோ, சூழ்நிலை மாறிவிட்டது என்று கோர்ட் மாற்றினாலோ ரத்து செய்தாலோ தவிர நிற்கும். ஜீவனாம்சம் தனிக் கதை, நின்று நின்றுதான் வருகிறது. சம்பளம் வாங்கும் ஆளாக இருந்தால், முதலாளியே நேரடியாக மனுதாரருக்குக் கட்டட்டும் என்று நடுவர் உத்தரவிடலாம். அவர் கூலிக்கு டெம்போ ஓட்டுகிறவர், அதனால் எனக்கு அது உதவவில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் பின்னால் சுற்றினால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றச் சட்டம்) 78-ஆம் பிரிவில் நேராகப் போலீஸ் புகார்தான். ஆனால் ‘குடும்பம்’ என்றால் புருஷன் பொண்டாட்டி மட்டும் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த அம்மா, அக்கா தங்கை, மகள், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்த பெண் என எல்லோரும் இதில் கேட்கலாம். எங்கள் வீதியில் ஒரு பாட்டி இருக்கிறார். முதியோர் பென்ஷன் எடுக்கும் அன்று மகன் பேங்க் வாசலில் நின்று பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறான், குடித்துவிட்டு வந்து தட்டை எட்டி உதைக்கிறான். “பெத்த பையன் மேல கேஸு போடலாமா கண்ணு?” என்று என்னிடம் கேட்டார். போடலாம் என்றேன். ஜெயிலுக்குப் போகாமலே கோடு போடலாம் என்றும் சொன்னேன்.

போன மாதம் ஒரு நாள் லீவு போட்டு அவரைக் கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் ராத்திரியே வீட்டுத் திண்ணையில் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்து, எங்கெங்கே போவீர்கள் என்று கேட்டு எழுதினேன். பேங்க். ரேஷன் கடை. சுகர் மாத்திரை வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையம். பேத்தி வீடு. எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மாரியாத்தா கோயிலையும் போட்டுக்க கண்ணு. செவ்வாக்கெழமைக்கு செவ்வாக்கெழமை போவேன். அங்கயும் வர்றான்.”

ஐந்தாவதாக அதையும் எழுதினேன்.